பதினாலாம் நம்பர் மூக்கு

தட்டுகளை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன், டைமரையும் தட்டிவிட்டேன், இனி ஒரு மணி நேரம் எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. நடுநடுவே கதவைத் திறந்து தட்டுகளை லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும், மேலே விட்ட துளி ஓரிடத்திலேயே தேங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான், அதற்குள் வெளியே போய் அக்காவுக்குப் போன் பண்ணிவிட்டு வரலாம். பண்ணலாம். போன் வெளியே லாக்கரில் இருக்கிறது, வைரஸ் அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி, விதியை மதிக்கிறவன் நான். வெளியே போவதென்றால் இந்த மேலங்கியைக் கழற்ற வேண்டும், இரண்டு ஜோடிக் கையுறை, முகக்கவசம், கால் உறை எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் போட்டுக் கையைக் கழுவ வேண்டும், திரும்பி வரும்போது எல்லாம் மறுபடி புதிதாக மாட்ட வேண்டும், வீண்வேலை என்று சொல்லிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். இது பொய் என்று எனக்கே தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் சொல்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அப்பாவைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம், நான் சொன்னால்தான் அவர் கட்டிலைவிட்டு எழுந்திருப்பாராம். தூத்துக்குடியில் எழுபது வயதுக்காரர் ஒருவர் ஃப்ளூ காய்ச்சலில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பெங்களூரில் அவர் மகன் அதே ஃப்ளூ வைரஸைக் குழாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது.

காலையில் அக்கா பேசியபோது அவள் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன், வார்த்தை வருகிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. "ஆக்சிஜன் கொறயுதாம்லே, கிளினிக்ல டெஸ்ட் எடுத்தாச்சு, நீ படிக்கியே அதே ஃப்ளூதானாம், ஒடனே கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லுதாரு. அப்பா வர மாட்டேங்காவ. செருப்பக் கழத்தித் தள்ளிட்டாவ." செருப்பு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா ஒரு இடத்துக்கு வரமாட்டேன் என்று முடிவு பண்ணினால் வாயால் சொல்லமாட்டார், செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் காலால் ஒரு தள்ளு தள்ளுவார், அது உள்ளே சுவர் வரைக்கும் போய் முட்டும், அதற்கு மேல் அன்றைக்கு அவரிடம் பேச்சு கிடையாது. சித்தி மகன் கல்யாணத்துக்கு இப்படித்தான் போகவில்லை. "நீ சொன்னதுதாம்லே, எம் மவன் மிஷின்ல பாத்துச் சொல்லிட்டான், எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காவ," என்றாள் அக்கா. நான் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணி, அப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டபோது, நான்தான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "அவருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, அவர் செல்லு தாங்கும், நானே பாத்தவன், கஞ்சி குடு, தூங்கட்டும்." சிரித்தேனா? சிரித்தேன். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் என்னைக் காய்ச்சல் டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், முனைவர் பட்டம் வாங்கின பிறகும் ஒருத்தன் இன்னும் ஆராய்ச்சி மாணவன் போலவே வேலை பார்ப்பான், அதற்குப் போஸ்ட்டாக் என்று பெயர், ஊசி போடத் தெரியாது என்று எத்தனை முறை சொல்வது. அன்றைக்கு மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. டாக்டர் மாதிரியே பேசினேன். ஃப்ளூவுக்கு மாத்திரை இருக்கிறது, ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும் என்பது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அது எப்படி அன்றைக்கு வாயில் வரவில்லை?

சரி, தாங்கும் என்று நான் சொன்னதில் தப்பென்ன, ஆதாரம் இல்லாமலா சொன்னேன். யோசிப்போம், முறையாக யோசிப்போம். செல் தன் மரபணுவை வரி வரியாகப் படித்துக்கொண்டு போகும், முடிகிற இடத்தில் ஒரு குறி இருக்கும், அங்கே நிறுத்திவிட்டு, படித்ததை நறுக்கி வேலைக்கு அனுப்பும். ஃப்ளூ வைரஸ் உள்ளே போனால் இந்த நிறுத்துகிற வேலையைக் கெடுத்துவிடும். படிக்கிற எந்திரம் முடிவு தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்து மரபணுவுக்குள் போகும், அதற்கு அடுத்த வெட்டவெளிக்குள் போகும், படித்தது ஒன்றுக்கும் உதவாது, ஆபத்து ஆபத்து என்று பக்கத்துச் செல்லுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய செல் வாயடைத்துப் போய்விடும். அந்த இரண்டும்கெட்டான் நிலைதான் என் ஆராய்ச்சி. நான்கு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது என் தலைக்குள்ளும் அதேதான் ஓடுகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, செருப்பில் ஆரம்பித்தால் மாத்திரைக்குப் போகிறது, மாத்திரையில் ஆரம்பித்தால் சற்று முன் குழாயில் வெறுந்திரவம் தீர்ந்துபோனதற்கு வந்து நிற்கிறது. அது ஏன் தீர்ந்தது? இன்றைக்கு எட்டுத் தட்டு. நான்கு பேருடைய மூக்கிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள், ஆளுக்கு இரண்டு தட்டு, ஒன்றுக்கு வைரஸ் கலந்த திரவம், இன்னொன்றுக்கு வைரஸ் இல்லாத வெறுந்திரவம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. வைரஸ் போக வேண்டிய தட்டின் மூடியில் சிவப்புப் புள்ளி. எப்போதும் வெறுந்திரவத்தை முதலில் விட்டு முடிப்போம், பிறகுதான் வைரஸ் குழாயைத் திறப்போம், கை தவறி அது இதில் கலந்துவிடக் கூடாதே என்று. விட்ட தட்டின் மூடியில் உடனே ஒரு டிக் போடுவோம். எட்டு மூடியிலும் டிக் இருக்கிறது, நான் பார்த்துத்தான் உள்ளே வைத்தேன். ஆனால் வெறுந்திரவத்தின் கடைசித் தட்டுக்குப் பிப்பெட்டை விட்டபோது அது கொரகொரவென்று காற்றை உறிஞ்சியது, நான் எரிச்சலோடு பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். நான் அளவு குறைத்து எடுக்கிற ஆளே இல்லை.

பதினாலாம் நம்பர் அப்பா. இது எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. செல் கொடுத்தவர்கள் யாரென்று செய்பவனுக்குத் தெரியக் கூடாது, நம்பர் மட்டும்தான் என்பது இன்னொரு விதி, ஆனால் செல் எடுத்த அன்றைக்கு வந்தவர்களில் வயதானவர் ஒருவர்தான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான், அந்த வாரத்துப் பட்டியலில் எழுபது வயது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என்னைப் பார்க்க வந்தவர் அவர், சும்மா இருந்தவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். மூக்குக்குள் சின்ன பிரஷ்ஷை விட்டுச் சுழற்றி எடுப்பார்கள், வலிக்காது, தும்மல் வரும், அடக்கிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எங்கள் அப்பாவிடம் போய்த் தும்மலை அடக்கச் சொன்னார்! உப்பு லாரி ஓட்டியவர், அவர் தும்மினால் எங்கள் தெருவில் தூங்குகிற பிள்ளைகள் எழுந்து அழும். பிரஷ் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம், டாக்டர் சுவரோரம். இரண்டாவது தடவை எடுக்கும்போது மட்டும் கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டார், என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், எனக்கு வலித்தது. வெளியே வந்து அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, "ஏலே, உப்புக்காத்து குடிச்ச மூக்குல்லா இது, ஒங்க வைரசு இதுல என்னத்தக் கிழிக்கும்?" என்றார். என்னைப் பிடித்த அந்தக் கட்டைவிரல், இப்போது ஆக்சிஜன் கிளிப்பை மாட்டுகிறார்களே, அதில்தான் மாட்டியிருப்பார்களா? விரல் குளிர்ந்திருந்தால் கிளிப் தப்பாகக் காட்டும். அப்படி இருக்கலாம். அவர் விரல் காய்ப்புக் காய்த்த விரல், அதில் எதுவும் சரியாகக் காட்டாது. அக்காவிடம் வேறு விரலில் மாட்டிப் பார்க்கச் சொல்லலாம், அதைச் சொல்வதற்காவது வெளியே போகலாம், போகிறேன், தட்டுகளை ஒரு தடவை சாய்த்துவிட்டுப் போகிறேன்.

இந்தச் சோதனையை முதல் தடவை பண்ணினதைத்தான் நான் நம்பியிருக்கிறேன். போன மழைக்காலத்தில். மற்ற எல்லோருடைய செல்லும் வைரஸ் பட்டதும் தடம் புரண்டு ஓடியது, பதினாலாம் நம்பர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்க வேண்டிய இடத்தில் நின்று, படிக்க வேண்டியதைப் படித்து, அனுப்ப வேண்டியதை அனுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் ஆய்வகத் தலைவி சுசரிதா மேடம் கணினித் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வைரஸ் இதில் பிடித்ததா, இல்லவே இல்லையா என்று கேட்டார். கொஞ்சம் இருக்கிறது மேடம், மிகக் கொஞ்சம், உள்ளே போனதைச் செல் வளரவிடவில்லை என்றேன். அந்தக் கொஞ்சம் பக்கத்து மாதிரிகளிலிருந்து தெறித்ததாகவும் இருக்கலாம், எல்லாவற்றையும் ஒன்றாக எந்திரத்தில் ஓட்டும்போது அப்படித் தெறிப்பது உண்டு, அவரும் சொன்னார், நானும் தலையாட்டினேன், ஆனால் இரண்டு பேருக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. எனக்குக் கூடுதல் ஆசை. அன்றைக்கு நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பது நினைவிருக்கிறது, அவசரமே இல்லை, வேலை முடிந்து பார்த்தால் வைரஸ் குழாயில்கூட நிறைய மிச்சம் இருந்தது, தாராளமாகத்தான் எடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ப்ளீச்சில் கொட்டினேன். அந்த வாரம் பொறுக்கமுடியாமல் அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன், யாரிடமும் சொல்லாதீங்கப்பா என்று சொல்லிச் சொன்னேன், அவர் தெரு முழுக்கச் சொன்னார், சர்ச்சில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், என் மூக்கு பெங்களூரில் வைரஸோடு சண்டை போடுகிறது, ஜெயித்துவிட்டது, எம் மவன் பார்த்தான். என்னை விஞ்ஞானி என்று அவர் நம்பினது அன்றைக்குத்தான். எனக்கும் அன்றைக்குத்தான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம். லோசனி. மீனலோசனி, கும்பகோணத்துப் பெண், என் பக்கத்து மேஜையில் ஆராய்ச்சி பண்ணுகிறவள், கதவின் சின்னக் கண்ணாடி வழியாக என் போனைத் தூக்கிக் காட்டுகிறாள், பியூலா அக்கா என்று திரையில் எரிகிறது, அணைகிறது. சுவரில் இருக்கிற பேசும் பெட்டியை அமுக்கி, "அண்ணா, லாக்கர்ல அடிச்சுண்டே இருந்தது, எடுத்துட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்கோ. ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நிக்கறதாம், அப்பா ஏறமாட்டேங்கறாராம், ஒரு வார்த்தை பேசுங்கோ," என்கிறாள். நான், "இதோ வரேன், தட்டைச் சாய்ச்சிட்டு வரேன்," என்கிறேன், என் குரல் முகக்கவசத்துக்குள் யாருடையதோ போலக் கேட்கிறது. அவள், "நான் வந்து சாய்ச்சுக்கறேன், நீங்க வாங்கோ," என்கிறாள். "வேண்டாம், இது கடைசி." கடைசிதான், பதினாலாம் நம்பரில் உறைய வைத்திருந்த கடைசிக் குப்பியை உருக்கி வளர்த்ததுதான் இந்த இரண்டு தட்டும், இதுவும் முதல் தடவை மாதிரியே வந்துவிட்டால் கட்டுரை எழுதிவிடலாம், இதற்குப் பிறகு அந்த மூக்கு இல்லை. இல்லை என்றால், குப்பியில் இல்லை. மூக்கு இருக்கிறது. தூத்துக்குடியில் இருக்கிறது, அதற்கு இப்போது காற்று பற்றவில்லை.

இன்குபேட்டரைத் திறக்கிறேன், வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடிக்கிறது. எட்டுத் தட்டு, எட்டு டிக். பதினாலு, சிவப்புப் புள்ளி. சாய்க்கிறேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் மேஜையில் ஐஸ் பெட்டியில் இரண்டு குழாய், இரண்டிலும் ஊற்றியது ஒரே ரோஜா நிறத் திரவம், இரண்டையும் ப்ளீச்சில் கொட்டிவிட்டுப் போகலாம் என்று கையில் எடுக்கிறேன். வெறுந்திரவக் குழாய் காலி. வைரஸ் குழாய் காலியாக இல்லை. ஒரு துளி கூடுதலாக எடுப்பது என் வழக்கம், இது துளி இல்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், ஒரு தட்டுக்கு உண்டான முழு அளவு அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் வைரஸ் மூன்று தட்டுக்குத்தான் போயிருக்கிறது. வெறுந்திரவம் ஐந்துக்குப் போயிருக்கிறது, அதனால்தான் காற்றை உறிஞ்சியது. சிவப்புப் புள்ளி வைத்த ஒரு தட்டுக்கு நான் வெறுந்திரவத்தை விட்டு டிக் போட்டிருக்கிறேன். எந்தத் தட்டு என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன், தெரியாதவன் மாதிரி. கையை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், பிப்பெட் இறங்குகிறது, மூடி திறக்கிறது, நான் அப்போது அக்காவின் குரலை நினைத்துக்கொண்டிருந்தேன், பதினாலு என்ற எழுத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது, அந்த மூடியில் சிவப்புப் புள்ளி இருந்ததா என்பது இல்லை, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. இருபது வருஷம் படித்த படிப்பு ஒரு பக்கம் நிற்க, கை தானாகப் போய் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. என்ன காப்பாற்றியது? தட்டில் இருப்பது அப்பாவா? சரி, இப்போது விடு, வைரஸ் இருக்கிறது, தட்டு இருக்கிறது, கொஞ்சம் தாமதம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பிப்பெட்டை எடுத்துவிட்டேன், தட்டை வெளியே வைத்து மூடியையும் திறந்துவிட்டேன். கை இறங்க மாட்டேன் என்கிறது. விட்டால் அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறேன், நான், ராகுகாலம் பார்க்கிற லோசனியின் அம்மாவைக் கேலி பண்ணுகிற நான். அப்போதுதான் அது வந்து இடிக்கிறது. போன மழைக்காலத்திலும் வைரஸ் குழாயில் நிறைய மிச்சம் இருந்தது.

இருந்ததா? இருந்தது. தாராளமாக எடுத்தோம் என்று நினைத்தேனே. அப்படியென்றால் அன்றைக்கும் இந்தக் கை இதையேதான் பண்ணியிருக்குமா, செல் அமைதியாக உட்கார்ந்திருந்தது வைரஸே போகாததாலா, மிகக் கொஞ்சம் என்று நான் காட்டியது பக்கத்திலிருந்து தெறித்ததா? இல்லை, அன்றைக்கு உண்மையிலேயே கூடுதலாகக் கலந்திருக்கலாம். இல்லை, அந்த மூக்கு நிஜமாகவே தாங்கியிருக்கலாம். எதைக் கொண்டு கண்டுபிடிப்பது, குழாயைக் கொட்டிவிட்டேன், கை வாய் திறந்து சொல்லாது. எனக்குத் தெரியாது. தாங்கும் என்று சொன்னேனே, அது எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறேன், மாத்திரை நன்றாக வேலை செய்கிற நாளெல்லாம் கஞ்சி குடிக்க வைத்திருக்கிறேன், பாவி. கையுறையை வரிசைப்படி கழற்ற வேண்டும், கழற்றவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கிக் கூடையில் எறிகிறேன், கையில் சோப்பு வழுக்குகிறது, கதவு, இன்னொரு கதவு, லோசனி பயந்துபோய் ஒதுங்குகிறாள், போனை வாங்குகிறேன், ஈரக்கைக்குத் திரை பிடிகொடுக்கவில்லை, அவளே அழுத்திக் கொடுக்கிறாள்.

"ஏல, எங்கல போய்த் தொலஞ்ச? போவவா வேண்டாமா, ஒத்த வார்த்த சொல்லு," என்கிறாள் அக்கா. அப்பாவிடம் கொடு என்கிறேன். மூச்சு கேட்கிறது, இழுத்து, நின்று, இழுத்து. பிறகு அவர் குரல், தெருவை எழுப்புகிற குரல் இல்லை, "என்னல... வேலயா இருக்கியோ... நம்ம மூக்கு என்ன சொல்லுது?" என்கிறார். "அப்பா, உங்க மூக்குக்கு நான் வைரஸே விடலப்பா." "என்னது?" "விடலப்பா. கை போகல. போன தடவையும் விட்டேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. தாங்கும்னு சொன்னது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. இப்பவே போங்க." பின்னால் அறைக்குள் டைமர் அடிக்க ஆரம்பிக்கிறது. "ஏன்... கை போவல?" என்கிறார். "பயமா இருந்துச்சுப்பா." போன் எதன் மேலோ வைக்கப்படுகிறது, கட்டில் கிரீச்சிடுகிறது, யாரோ எதையோ இழுக்கிறார்கள், நான் அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், டைமர் அடித்துக்கொண்டே இருக்கிறது, பிறகு அக்கா போனை எடுத்து, "என்னத்தல சொன்ன அவியகிட்ட? எந்திரிச்சி நிக்காவ. கட்டிலுக்கடியில கைய விட்டுச் செருப்பத் தேடுதாவ," என்கிறாள்.